விழுந்தா ஜீரோவா?

கடிதம்:

வணக்கம் மேடம், உங்க பதிவுகளைப் படிச்சுதான் நானும் ஃபிகர் ஸ்கேட்டிங் பாக்க ஆரம்பிச்சேன். ஒண்ணு மட்டும் ஜீரணிக்கவே முடியல. ஒருத்தர் குவாட், அதாவது நாலு சுத்து ஜம்ப், போடறேன்னு எகிறி ஐஸ்ல விழுந்து எந்திரிக்கிறாரு, அதுக்கும் பாயிண்ட். இன்னொருத்தர் மூணு சுத்து ட்ரிப்பிளை அம்சமா இறங்குறாரு, ஆனா பின்னாடி நிக்கிறாரு. விழுந்தா ஜீரோன்னு வச்சிட்டா என்ன?
– கே.

பதில்:

அன்புள்ள கே.,

2018க்கு முன்னாடி இதை எழுதியிருந்தீங்கன்னா நானும் உங்க கட்சிதான். அப்ப குவாட் லட்ஸுக்கு (லட்ஸ்ங்கறது ஜம்ப்புல ஒரு வகை) பேஸ் வேல்யூ, அதாவது அந்த ஜம்ப்புக்குன்னு வச்சிருக்கற அடிப்படை பாயிண்ட், 13.6, முழுசா சுத்திட்டு பொத்துனு விழுந்தா ஜிஓஇ-ல, அதாவது ஜட்ஜுங்க போடற குவாலிட்டி மார்க்குல 4 போகும், விழுந்ததுக்கு தனியா 1 போகும், அப்பவும் கையில 8.6 நிக்கும். ட்ரிப்பிள் லட்ஸை ஒரு குறை சொல்ல முடியாம இறங்கி அத்தனை ஜட்ஜும் அள்ளிக் குடுத்தாலும் 8.1தான். விழுந்தவருக்கு லாபம், என்ன கணக்கோ.

2018ல அந்த பாயிண்ட் டேபிளையே மாத்திட்டாங்க. குவாட் லட்ஸ் 11.5 ஆச்சு, ஜிஓஇ மைனஸ் 5ல இருந்து பிளஸ் 5 வரைக்கும், ஒவ்வொரு படிக்கும் பேஸ் வேல்யூல 10 சதவீதம். இப்ப விழுந்தா பாதி காலி, 5.75, அதுலயும் 1 கழிச்சா 4.75. சுமாரா இறங்கின ட்ரிப்பிள் லட்ஸே 5.9 வாங்கிடுது. இதுக்கு மேல ஜீரோவும் போட்டா எவனும் ரிஸ்க் எடுக்க மாட்டான். ஏற்கனவே 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ்ல ஒரு குவாட்கூட போடாத அமெரிக்காவோட லைசாசெக்குக்கு தங்கம், குவாட் போட்ட ரஷ்யாவோட பிளஷென்கோவுக்கு வெள்ளி, அந்த சண்டை இன்னும் ஓயல.

எனக்கு உறுத்தறது ஆக்சல்ங்கற ஜம்ப்தான். மத்த அஞ்சு ஜம்ப்பையும் பின்பக்கமா போய் எகிறுவாங்க, ஆக்சல் மட்டும் முன்னாடி பாத்து எகிறணும், அதனால அரை சுத்து எக்ஸ்ட்ரா. ட்ரிப்பிள் லட்ஸ் 5.9, ட்ரிப்பிள் ஆக்சல் 8.0, ஆக அந்த அரை சுத்துக்கு 2.1 தர்றாங்க. அதே அரை சுத்தை நாலு சுத்துக்கு மேல சுத்தினா? குவாட் லட்ஸ் 11.5, குவாட் ஆக்சல் 12.5, வெறும் 1. கஷ்டம் கூடக்கூட கூலி குறையுது. குவாட் லட்ஸ்ல ஜிஓஇ ஒரு படி ஏறினாலே 1.15 கிடைச்சிடுதே, பின்ன எதுக்கு ஒருத்தன் உடம்பைப் பணயம் வச்சு ஆக்சலுக்குப் போகணும்?

இத்தனைக்கும் பழைய டேபிள்ல குவாட் ஆக்சலுக்கு 15 இருந்துச்சு. போட்டியில யாருமே இறங்காத ஜம்ப்புக்கு முன்கூட்டியே விலையைக் குறைச்சிட்டாங்க, அமெரிக்காவோட மாலினின் அதை முதல் தடவை இறங்கினதே 2022 செப்டம்பர்லதான். அதே வருஷம் பிப்ரவரியில பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஜப்பானோட ஹன்யூ ட்ரை பண்ணாரு, சுத்து கொஞ்சம் பத்தாதுன்னு பேஸ் வேல்யூ 10 ஆயிடுச்சு, விழுந்ததால அதுல பாதி போச்சு, விழுந்ததுக்கு தனியா போற 1ஐயும் கழிச்சா மிஞ்சினது 4. ட்ரிப்பிள்லயே சுலபமான டோ லூப்புக்கே 4.2 சார்! இதையும் ஜீரோ ஆக்கணும்ங்கறீங்களா?

என்னைக் கேட்டா குவாட் ஆக்சலுக்கு 14ஆவது வைக்கணும். அப்ப முழுசா சுத்திட்டு விழுந்தாலும் 6 வரும், சாதா ட்ரிப்பிள் லட்ஸை விட ஒரு பொடி கூட. உங்களுக்கு திரும்ப கோவம் வரும்னு தெரியும், அந்த ஒரு ஜம்ப்புக்கு மட்டும் நான் அதை ஏத்துக்கறேன்.