பைடூ காபியும் நடுங்கும் கையும்

வணக்கம் மேடம்,

எனக்கு 31 வயது, சொந்த ஊர் கரூர். ஆறு வருடமாகப் பெங்களூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. நாலு பேர் முன்னால் என்னால் சாப்பிட முடியவில்லை. கை நடுங்குகிறது.

போன மாதம் என் காலேஜ் நண்பன் மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன ஹோட்டலுக்குக் கூட்டிப் போனான். பழைய ஓட்டுக் கட்டடம், எட்டே மேஜை, சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். தோசைக்கல்லில் வெண்ணெய் உருகும் வாசனை தெருவுக்கே வந்தது. ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அங்கே தனி மேஜை கிடையாது, காலி இடம் எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். எங்கள் எதிரில் வயதான ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், விரல் ஆட ஆரம்பித்தது. பாதி தோசையை அப்படியே வைத்துவிட்டேன். காபி டம்ளரைத் தொடவே இல்லை. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். நண்பன் முகம் வாடிப்போனது.

நாலு வருடம் முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் கை ஆடி, பாயசம் வேட்டியில் கொட்டிவிட்டது. பக்கத்து இலையில் இருந்த உறவுக்காரர், "என்ன மாப்ள, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்றார். வரிசையே சிரித்தது. நான் குடிப்பவன் இல்லை மேடம். அன்றிலிருந்துதான் இது. தனியாகச் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. ஆபீசில் எப்போதும் பைடூ காபிதான் வாங்குவேன், ஒரு காபியை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. பாதி டம்ளர் சிந்தாது என்பதால்.

நண்பன் அவன் பிறந்தநாளுக்கு அதே ஹோட்டலுக்குக் கூப்பிடுகிறான். என்ன காரணம் சொல்லித் தப்பிப்பது?

- பெயர் வேண்டாம், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

தப்பிக்க வழி சொல்ல மனம் வரவில்லை. அந்த ஹோட்டல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, போக வேண்டும் என்று உள்ளே ஆசையும் இருக்கிறது. அதற்கு வழி பார்ப்போம்.

முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு அதிகமானாலும், சில ஆஸ்துமா மருந்துகளாலும் கை நடுங்கும். ஆனால் தனியாக இருக்கும்போது நடுங்கவில்லை என்கிறீர்கள். அதனால் எனக்குத் தோன்றுவது சமூகப் பதற்றம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, பிறர் முன்னால் சாப்பிடவும் குடிக்கவும் வரும் பயம் இதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், தசை நடுங்கும். உடனே நீங்கள் கையையே உற்றுப் பார்க்கிறீர்கள், டம்ளரை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இறுக்கினால் நடுக்கம் இன்னும் கூடும்.

எனக்கு அந்தப் பைடூ காபிதான் முக்கியமாகப் படுகிறது. பாதி டம்ளர் சிந்தாமல் போகும்போதெல்லாம் உங்கள் மனம் என்ன கணக்குப் போடுகிறது? "கை நன்றாக இருந்தது" என்று இல்லை, "பாதி டம்ளர் காப்பாற்றியது" என்று. நாலு வருடமாக உங்கள் கைக்குத் தன்னை நிரூபிக்க ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. தனியாகச் சாப்பிடுவதும், வயிற்று வலி என்று சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

எதிரில் இருந்த அந்தத் தம்பதி உங்கள் கையைப் பார்த்தார்களா? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. மாணவர்களை, போடவே கூச்சப்படும் ஒரு டிஷர்ட்டோடு மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் சட்டையில் இருந்த படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். பந்தியில் அன்று சிரித்தது நிஜம், வலித்ததும் நிஜம். ஆனால் எல்லா மேஜையும் அந்தப் பந்தி இல்லை.

இதற்குப் பெங்களூரைப் போல வசதியான ஊர் வேறு இல்லை என்பேன். ஒரு தர்ஷினிக்குப் போங்கள். நின்றுகொண்டே சாப்பிடும் இடம், அவரவர் அவசரம் அவரவருக்கு. முழுக் காபி வாங்கி, டம்ளரைத் தளர்வாகப் பிடித்துக் குடியுங்கள். நடுங்கினால் நடுங்கட்டும், உடனே ஓடிவராதீர்கள், பதற்றம் கொஞ்சம் இறங்கும்வரை நில்லுங்கள். அது பழகிய பிறகு உட்காரும் ஹோட்டல். அப்புறம் ஒருநாள் வேண்டுமென்றே மேஜையில் கொஞ்சம் தண்ணீர் சிந்திவிட்டு, என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் யாராவது ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள்.

நண்பரிடம் சொல்லிவிடுங்கள். தான் ஆசையாய்க் கூட்டிப் போன இடம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கூட அவர் முகம் வாடியிருக்கலாம். "டேய், அன்னிக்கு வயிறு நல்லாத்தான் இருந்தது, நாலு பேர் பார்த்தா கை நடுங்குது" என்றால் போதும். என் கையைப் பார்க்காதே, சமாதானமும் சொல்லாதே, வழக்கம்போலப் பேசிக்கொண்டே இரு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியவில்லை என்றால், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி சிகிச்சை இதற்கு நல்ல பலன் தரும். மனநல மருத்துவமனையான நிமான்ஸ் உங்கள் ஊரிலேயே, ஓசூர் ரோட்டில் இருக்கிறது. பேசினால் போதும் என்றால் டெலி மானஸ் 14416, அரசின் இலவசத் தொலைபேசி மனநலச் சேவை. தமிழிலும் பேசலாம்.

பிறந்தநாளன்று தோசை பாதி மீந்தாலும் பரவாயில்லை. காபி மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள்.