செட் போடப் படிக்கணுமா? முதலில் கையில் அளக்கும் டேப்பைக் கொடுங்கள்

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நன்றாகப் படம் வரைவாள். நாடக மேடைக்கு செட் அமைக்கக் கற்றுக்கொள்ளப் போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். இதில் படிக்க என்ன இருக்கிறது? சோறு போடுமா?

பதில்: அம்மா, படம் வரைகிறாள் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். செட் வேலையில் ஓவியம் கொஞ்சம்தான். அளவும் தச்சு வேலையும்தான் அதிகம். விண்ணப்பம் வாங்குவதற்கு முன் இந்த விடுமுறையில் ஒரு சோதனை வையுங்கள்.

பக்கத்துப் பள்ளிக்கூட மேடையை அளந்து வரச் சொல்லுங்கள். பிறகு அரை அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் அதை அட்டையில் செய்யட்டும். 30 அடி மேடை 15 அங்குலமாகிவிடும். ஐந்தரை அடி ஆள், இரண்டே முக்கால் அங்குலப் பொம்மை. அந்தப் பொம்மையை நிறுத்திப் பார்க்காவிட்டால் கதவு குட்டையாகும், நாற்காலி பூதமாகும். அடுத்து, முதல் வரிசையின் இரண்டு ஓர இருக்கைகளிலிருந்தும் மேடைக்கு நூல் பிடிக்க வேண்டும். எந்த மூலை மறைகிறது, பக்கத்திரைக்குப் பின்னால் காத்திருக்கும் நடிகர் தெரிகிறாரா என்று நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

படியில்தான் புதியவர்கள் நிறையத் தவறுவார்கள். ஒரு படி 6 அங்குல உயரம், மிதிக்க 11 அங்குலமாவது வேண்டும். உயரத்தை 8 அங்குலமாக வைத்தால் புடவை கட்டிய நடிகை தடுக்குவார். 3 அடி உயர மேடைக்கு முன்னால் அழகாகப் படி வரைந்துவிட்டு, பின்பக்கம் இருட்டில் ஏறி வருவதற்கான படியை மறந்துவிடுவார்கள்.

சுவராக நிற்கும் தட்டியை அவளே ஒன்று செய்து பார்க்கட்டும். 8 அடிக்கு 4 அடி. 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள ரீப்பர் (மரச் சட்டம்). மேல், கீழ்க் கட்டைகள் முழு 4 அடி. நிற்கும் கட்டைகள் அவற்றுக்கு நடுவே பொருந்துவதால் ஏழரை அடி போதும். மாற்றி அடித்தால், தட்டியைத் தரையில் இழுக்கும்போது நிற்கும் கட்டையின் நுனி பிளக்கும். நடுக் குறுக்குக் கட்டை மூன்றரை அடி. மூலைகளில் முக்கோண பிளைவுட் துண்டை வெளி விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளித் திருக வேண்டும். அப்போதுதான் அடுத்த தட்டி செங்கோணத்தில் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். காடாத் துணியைச் சுற்றுச் சட்டத்தில் மட்டும் ஒட்டணும். நடுக்கட்டையில் ஒட்டினால் பசை காயும்போது அங்கே சுருக்கம் விழும். முதலிலேயே விறைப்பாக இழுத்தால் துணி சுருங்கிக் கட்டையையே வளைத்துவிடும். பச்சை மரமென்றால் தானாகவே முறுக்கிக்கொள்ளும், அதற்கு வைத்தியமில்லை.

வண்ணத்தைப் பகல் வெளிச்சத்தில் முடிவு செய்யக் கூடாது. சிவப்புச் சுவர் நீல விளக்கில் கறுத்துப்போகும்.

இத்தனையும் அவளுக்கு அலுக்கவில்லையென்றால் படிக்க வையுங்கள். முதலில் ஒரு பட்டம் முக்கியம். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் 4 ஆண்டு பி.எஃப்.ஏ. (இளநிலைக் கவின் கலைப் பட்டம்) இருக்கிறது, கட்டிடக்கலையும் நல்ல வழிதான். அதன்பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, கோழிக்கோடு பல்கலைக்கழகம் திருச்சூரில் நடத்தும் நாடகப் பள்ளி, 1959இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளி. டெல்லியில் 3 ஆண்டுப் படிப்பு. பட்டத்தோடு நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள், இந்தியும் ஆங்கிலமும் புரிய வேண்டும். ஆகவே கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டே ஏதாவது ஒரு குழுவில் தட்டி தூக்கவாவது போகட்டும்.

சோறு போடுமா என்றால், மேடை நாடகத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. இதே கைத்திறனுக்கு சினிமா கலைத் துறையிலும் கண்காட்சி அரங்குகளிலும் அருங்காட்சியகங்களிலும் கல்யாண மேடைகளிலும் வேலை உண்டு. தமிழ்நாட்டில் இந்தத் துறையில் இருப்பவர்கள் பலர் இரண்டு மூன்றில் கால் வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அவள் அளந்து வந்த தாளில் மேடைக்குச் சாமான் ஏற்றும் பக்கக் கதவின் அகலமும் உயரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேப்போடு மறுபடி அனுப்புங்கள். அந்தக் கதவுக்குள் நுழையாத செட் வாசலிலேயே ரம்பத்தால் அறுபடும்.