பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்க முன்னம் ஒரு மீற்றர்

கேள்வி: என்னிடம் 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா இருக்கிறது, டர்போ, மனுவல் கியர். பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கொஞ்சம் கூட்டி ஓட ஆசை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த எச்.கே.எஸ். எலெக்ட்ரொனிக் கன்ட்ரோலர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இங்கே ஒரு பார்ட்ஸ் கடையில், திருகிக் கூட்டிக் குறைக்கிற மனுவல் ஒன்று அதன் கால்வாசி விலைக்கு வருகிறது. எதை வாங்குவது, அண்ணா?
– உப்புவெளி வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், தம்பி. முதலில் நல்ல பூஸ்ட் மீற்றர் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். உங்கள் காரில் கொம்பனியே லோ, ஹை என்று இரண்டு நிலை வைத்திருக்கிறது. லோவில் 0.4 பார், ஹையில் 0.65 பார் அளவு வரவேண்டும். இத்தனை வருடம் ஓடிய காரில் வெக்குயும் ஹோஸ்கள் வெடித்து, இன்டர்கூலர் பைப்பின் கிளிப் தளர்ந்து, 0.5ஐயே எட்டாமல் ஓடுகிற கிளான்சாக்களைக் கண்டிருக்கிறேன். அப்படியானால் உங்களுக்குத் தேவை கன்ட்ரோலர் அல்ல, சில அடி சிலிக்கன் ஹோஸ். அதோடு எஞ்சினுக்கு ஒரு கொம்பிரஷன் டெஸ்டும் (சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பது) செய்யுங்கள். நான்கு சிலிண்டரும் ஒரே அளவு காட்டாவிட்டால் இந்தக் கதையை இதோடு விடலாம்.

எல்லாம் சரியென்று வைத்துக்கொள்வோம். டர்போவில் வேஸ்ட்கேட் என்றொரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறப்பது அக்சுவேற்றர். அதற்குள் ஒரு ஸ்பிரிங். டர்போவிலிருந்து மெல்லிய ஹோஸ் வழியாக வரும் காற்றழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் கதவு திறந்து, புகையில் ஒரு பங்கு டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றாமல் வெளியேறும். பூஸ்ட் அதற்கு மேல் ஏறாது. கன்ட்ரோலர் செய்வதெல்லாம் அந்த ஹோஸில் குறுக்கே நின்று அக்சுவேற்றரை ஏமாற்றுவதுதான். அதனால் ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்டைக் குறைக்க முடியாது. முடியும் என்று சொல்கிற கடைக்காரரிடம் வேறொன்றும் வாங்காதீர்கள்.

மனுவலில் இரண்டு சாதி. காற்றைக் கசியவிடுவது ஒன்று, குண்டும் ஸ்பிரிங்கும் வைத்தது மற்றது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. நீங்கள் வைத்த அளவு வரும்வரை அக்சுவேற்றருக்குக் காற்றே போகாது, ஆகவே கதவு முன்கூட்டியே மெல்லத் திறக்காமல் பூஸ்ட் கெதியாக ஏறும். வாங்கும்போது அக்சுவேற்றர் பக்கத்தில் ஊசித் துவாரம் ஒன்று இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால், காலை எடுத்த பிறகும் காற்று உள்ளே அடைபட்டுக் கதவு திறந்தபடியே நிற்கும். அடுத்த கியரில் கார் இழுக்காது. மலிவான கொப்பிகளில் இந்தத் துவாரத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

எலெக்ட்ரொனிக் நல்ல சாமான்தான். பூஸ்ட் எல்லை தாண்டினால் தானாகக் குறைக்கிற வசதி பலவற்றில் உண்டு. சொலனொயிட் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வ்) வகையைச் சரியாகப் பூட்டியிருந்தால், கரண்ட் போனாலும் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கிவிடும், எஞ்சின் தப்பும். ஆனால் நீங்கள் பார்த்தது பாவித்தது. டிஸ்பிளே, வால்வ் பெட்டி, வயர் ஹார்னஸ் மூன்றும் ஒரே செட்டா என்று கேளுங்கள். ஹார்னஸை வெட்டிக் கழற்றியிருந்தால் தொடவே வேண்டாம். கடையிலேயே பற்றறியில் போட்டு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பஸ்ஸேறித் திருகோணமலைக்கு வந்துவிடுங்கள்.

ஒரே அளவில் வைத்து ஓடப்போகிற உங்களுக்கு, துவாரமுள்ள நல்ல மனுவல் போதும் என்பது என் எண்ணம். 0.65இலிருந்து 0.75 வரை, கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கு மேலென்றால் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், எஞ்சினை நடத்தும் கணினியான ஈ.சி.யூ. என்று செலவு வேறு பக்கம் போகும். பெற்றோல் 95 ஒக்டேன் இல்லாமல் கூட்டவே கூடாது. 92இல் பூஸ்டைக் கூட்டினால், நம் வெயிலுக்கு எஞ்சின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் போகும். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் 95 கேட்டுப் போய் "வரும், வரும்" என்ற பதிலோடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. அப்படியான நாளில் திருகைக் குறைத்துவிட்டு ஓடுங்கள்.

பூட்டும்போது ஒவ்வொரு ஹோஸுக்கும் கிளிப் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் கந்தளாய் தாண்டி அக்சுவேற்றர் ஹோஸ் கழன்றது. கதவு திறக்கவே இல்லை, பூஸ்ட் எகிறியது. ஈ.சி.யூ. பெற்றோலை வெட்டி எஞ்சினைக் காப்பாற்றியது. ஐந்து ரூபாய் கிளிப்பில் லாபம் பார்த்த கராஜ்காரர் "இது சும்மா" என்றாராம். இரவில் நிலாவெளி வீதியில் சோதித்துப் பார்க்கிற யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். அங்கே மாடுகளுக்குத்தான் முன்னுரிமை, நகருக்குள் மான்களுக்கு. காப்புறுதிக் கொம்பனிக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள்.

கேள்வி: எங்கள் வாகன் ஆர் ஸ்டிங்ரே டர்போவுக்கும் இப்படி ஒன்று பூட்டலாமா?
– அலஸ்தோட்டம் வாசகி

பதில்: வேண்டாம், தங்கச்சி. அந்த 660 சி.சி. எஞ்சினில் பூஸ்டை ஈ.சி.யூ.வே சொலனொயிட் வைத்துக் கட்டுப்படுத்துகிறது. இன்னொன்றைச் செருகினால் இரண்டும் சண்டை பிடித்து செக் எஞ்சின் லைட்தான் எரியும். சி.வி.டி. (பெல்ட்டில் ஓடும் ஒட்டோ) கியரின் பெல்ட்டும் கூடின இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல. அந்தக் காசுக்கு சி.வி.டி. ஒயிலை மாற்றுங்கள்.

கேள்வி: புதிதென்று சொல்லி விற்ற கன்ட்ரோலர் இரண்டாம் நாளே வேலை செய்யவில்லை. கடைக்காரர் "விற்றால் விற்றதுதான்" என்கிறார்.
– மூதூர் வாசகர்

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? இருந்தால், பழுதை வீடியோ எடுத்து, திகதி போட்டு ஒரு கடிதத்தைக் கடைக்காரரிடம் கொடுங்கள், பிரதி உங்களிடம் இருக்கட்டும். அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படி. பற்றுச்சீட்டே தரவில்லையென்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் கடமை.