தோண்டி மூடிய தெரு ஏன் திரும்பத் திரும்ப அமுங்குகிறது?

கேள்வி: எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் மாற்ற நீளவாட்டில் பள்ளம் தோண்டினார்கள். ஆழம் ஒன்றரை மீட்டர் இருக்கும். வேலை முடிந்ததும் மண் தள்ளி மூடி, மேலே தாரும் போட்டார்கள். முதல் மழைக்கே அந்தப் பட்டை முழுக்க நான்கு விரல் அளவு இறங்கிவிட்டது. புகார் செய்தபோது அந்த இறக்கத்தில் தார்க் கலவையைக் கொட்டி நிரப்பினார்கள். இப்போது மறுபடியும் அமுங்கியிருக்கிறது. பக்கத்தில் நன்றாக இருந்த சாலையிலும் விரிசல் விழுந்திருக்கிறது, நடைபாதைக் கற்கள் ஆடுகின்றன. அடுத்து வேறொரு நிறுவனம் கேபிள் பதிக்கத் தோண்டப்போகிறதாம். இந்தத் தடவையாவது ஒழுங்காக மூட, குடியிருப்பவர்கள் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் தெருவில் கெட்டது தார் இல்லை, அதற்குக் கீழே இருக்கிற மண். அதனால்தான் மேலே எத்தனை தடவை கொட்டினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. தோண்டிய சாலை நிலைக்குமா நிலைக்காதா என்பது தார் வண்டி வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நீங்கள் நின்று பார்க்க வேண்டியது பள்ளம் திறந்திருக்கும் அந்த ஓரிரு நாளில்தான்.

நான்கு விரல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவே கதையைச் சொல்லிவிடுகிறது. தோண்டி எடுத்த மண் பொலபொலவென்று உப்பிவிடும். மண்ணைப் பொறுத்து அதன் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குகூட அதிகமாகும். அதை அப்படியே தள்ளி, மேலாக மட்டும் ஒரு தடவை அழுத்தினால் உள்ளே காற்று நிறைய தங்கிவிடுகிறது. பிறகு மழைத்தண்ணீர் இறங்கும், மேலே வண்டிகள் ஓடும், மண் தானாகவே தன் இடத்தைத் தேடி இறங்கும். ஒன்றரை மீட்டர் மண் வெறும் 5 சதவீதம் இறங்கினாலே 75 மில்லிமீட்டர். நான்கு விரலை ஒட்டி வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

ஒருமுறை இப்படி அமுங்கிய ஒரு பட்டையை வெட்டிப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. மேலே தார் ஒரு சாண் கனம் இருந்தது. இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பழைய சாலையின் உடைந்த தார்க் கட்டிகள், ஒரு சிமென்ட் சாக்கு, கட்டிகளுக்கு நடுவே கை நுழைகிற அளவுக்கு வெற்றிடம். மண்வெட்டியை ஓங்கவே தேவைப்படவில்லை, கையாலேயே அள்ள முடிந்தது. மேலே அவ்வளவு செலவு, கீழே ஒன்றுமே இல்லை.

சரி, எப்படி மூட வேண்டும்? குழாயின் அடியிலும் பக்கங்களிலும் மணலோ நுண்ணிய ஜல்லித் தூளோ போட்டுக் குழாயை ஆடாமல் உட்கார வைக்க வேண்டும். குழாய்க்கு மேலே சுமார் 300 மில்லிமீட்டர் வரை கல் இல்லாத பொருளைப் போட்டு, கைத் திமிசால் மெதுவாகத்தான் இடிக்க வேண்டும். இந்த இடத்தில் கனமான இயந்திரத்தை வைத்தால் குழாயே நசுங்கும். அடுத்தவர் தோண்டும்போது கண்ணில் படுவதற்காக, எச்சரிக்கை நாடாவையும் இந்த மட்டத்தில் விரித்துவிடுவார்கள். இதற்கு மேல்தான் ரேமர் எனப்படும், துள்ளித் துள்ளி மண்ணை இடிக்கும் இயந்திரம் இறங்கலாம்.

அங்கிருந்து மேலே வரும் மண் படிப்படியாக வர வேண்டும். 150 முதல் 200 மில்லிமீட்டர் போட வேண்டும், இடிக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. ரேமரின் அடி ஓரளவு ஆழத்துக்குத்தான் போகும். ஒரு மீட்டர் மண்ணை மொத்தமாகத் தள்ளி மேலே எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மேல் ஒரு சாண்தான் இறுகும், அடி அப்படியே கிடக்கும். உங்கள் பள்ளத்துக்கு ஆறு ஏழு தடவையாவது ரேமர் ஓடியிருக்க வேண்டும். எத்தனை தடவை ஓடியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

காதாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பொலபொலவென்ற மண்ணில் ரேமர் பொத்துப் பொத்தென்று அமிழும். இறுக இறுகச் சத்தம் மாறும், டங் டங்கென்று கெட்டித் தரையில் அடிப்பது போலக் கேட்கும், இயந்திரமும் துள்ள ஆரம்பிக்கும். பழகிய ஆள் அந்தத் துள்ளல் வந்த பிறகுதான் அடுத்த அடி நகர்வார்.

மண்ணில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். 1933இல் ஆர்.ஆர். பிராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர், அணைகளுக்கு மண் நிரப்பும் வேலையிலிருந்து இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் அதிகபட்ச இறுக்கம் கிடைக்கும். காய்ந்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று உரசி நகராது. அதிகம் நனைந்திருந்தால் இடைவெளியில் தண்ணீர் நின்று இறுக விடாது. இன்றும் அவர் பெயரிலுள்ள சோதனைதான் அளவுகோல். அதில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது களத்தில் வர வேண்டும் என்பது பல இடங்களில் நடைமுறை. நீங்கள் ஆய்வகம் வைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் போதாது. உள்ளங்கையில் சேறு ஒட்டினால் ஈரம் அதிகம். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் இரண்டாகப் பிளந்தால் ஏறக்குறைய சரி.

பள்ளத்தில் மண்ணைத் தள்ளி, தண்ணீரை நிரப்பிவிட்டு, "தண்ணீர் விட்டாச்சு, தானா இறுகிடும்" என்பார்கள். இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் உடனே வடியக்கூடிய சுத்தமான மணலில் இது ஓரளவு பலன் தரலாம். களிமண் கலந்த மண்ணில் சேறுதான் மிஞ்சும், குழாய்க்கு அடியில் போட்ட மணலும் அரித்துப் போகலாம்.

வேலை முடிந்த பிறகு ஓரத்தில் எவ்வளவு மண் மிஞ்சுகிறது என்று பாருங்கள். குழாய், மணல், மேலே போடப்போகும் ஜல்லி ஆகியவை அடைக்கும் இடத்துக்குச் சமமான மண் மிஞ்சுவது நியாயம். தோண்டிய மண் உப்பியிருப்பதையும் கணக்கில் சேர்த்து, அதைவிடப் பெரிய குவியல் இருந்தால் உள்ளே போக வேண்டிய மண் உள்ளே போகவில்லை.

பக்கத்துச் சாலையிலும் விரிசல் விழுந்ததாக எழுதியிருந்தீர்கள். பள்ளம் வெட்டியதும், அதுவரை பக்கத்து மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த சுவர் போய்விடுகிறது. அந்த மண் மெல்லப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து தளர்கிறது. ஓரத்திலிருந்து அரை மீட்டர், சில இடங்களில் ஒரு மீட்டர் தூரம் வரை இந்தத் தளர்ச்சி போகும். மேலே தார் அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சில மாதம் கழித்துப் பள்ளத்துக்கு இணையாகக் கோடு விழும்போதுதான் தெரியும். ஆகவே தார் போடும்போது பள்ளத்தின் அகலத்துக்கு மட்டும் போட்டால் போதாது. இரு பக்கமும் 150 முதல் 300 மில்லிமீட்டர் கூடுதலாகப் பழைய தாரை வெட்டி எடுத்து, அந்த ஓரத்தையும் இடித்து இறுக்கி, புதிய தார் கெட்டியான மண்ணின் மேல் தோள் போட்டு உட்காரும்படி செய்ய வேண்டும். விரிசல் அதையும் தாண்டியிருந்தால் வெட்டும் அகலமும் தாண்ட வேண்டும்.

வெட்டு ரம்ப இயந்திரத்தால் நேர்க்கோட்டில் இருக்கட்டும். கடப்பாரையால் பெயர்த்த பல்லுப் பல்லான ஓரத்தில் ரோலர் ஒருநாளும் சரியாக அழுத்தாது. வெட்டிய பக்கவாட்டில் திரவத் தார் பூச வேண்டும், இல்லாவிட்டால் பழையதும் புதியதும் ஒட்டாது. அந்த இடைவெளி வழியாக இறங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கலவை சூடாக வர வேண்டும், ஆறிப்போய் வண்டியிலேயே கட்டி தட்டியிருந்தால் திருப்பி அனுப்புவதுதான் சரி. முடிந்ததும் மட்டக்கோலை நேராகவும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். "பின்னால அமுங்கும், அதனால கொஞ்சம் மேடா விட்டிருக்கோம்" என்று யாராவது சொன்னால், கீழே இறுக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம்.

கான்கிரீட் சாலை என்றால் துண்டு ஒட்டாமல், முடிந்தவரை இணைப்பு முதல் இணைப்பு வரை முழுப் பலகையையும் மாற்றச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நடைபாதை. வண்டி ஓடாத இடம் என்பதால் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் விழுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கற்கள் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம், கீழே இறுக்காத மண்ணின் குறையை மணலால் மறைப்பது. கல்லுக்கு அடியில் மணல் 25 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்குக் கீழே இறுகிய ஜல்லித் தளம் இருக்க வேண்டும். பள்ளம் தெரிகிற இடத்தில் ஒரு சாண் மணலைக் கொட்டிக் கல் பதித்தால், நாலு மழையில் மணல் ஒதுங்கி, கல் ஊஞ்சலாகிவிடும். கற்களை அடுக்கிய பிறகு இடுக்குகளில் நுண்மணல் தூவிப் பெருக்கி, அதிர்ந்து இறுக்கும் தட்டு இயந்திரமான பிளேட் காம்பாக்டரை ஓட்டி, மறுபடி தூவ வேண்டும். ஓரக்கல் அசையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசை முழுக்க விலகும். பார்வையற்றவர்களுக்கான புடைப்புக் கோடு போட்ட கற்கள் இருந்தால், தோண்டுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். திரும்பப் பதிக்கும்போது திசை மாற்றி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டை நம்பி நடப்பவரை அது நேராகச் சாலைக்குள் கொண்டுபோய் விடும். இதை நான் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன், இன்றும் மனசு ஆறவில்லை.

பாதையில் மரம் இருந்தால், 25 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான வேர்களை வெட்டாமல், அவற்றைச் சுற்றிக் கையால் தோண்டச் சொல்லுங்கள்.

கேபிள் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தோண்டியே ஆக வேண்டுமா என்பது. கிடைமட்டத் துளை போட்டுக் கேபிளை இழுத்துக்கொண்டு போகும் முறை இருக்கிறது. அதில் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே குழி தேவைப்படும். தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், கேபிள் பள்ளம் ஒடுக்கமாக இருக்கும், ரேமர் உள்ளே இறங்காது. அங்கே மண்ணை நிரப்புவதைவிட, சிமென்டும் மணலும் நீரும் சேர்த்துக் கஞ்சி போல ஓடும் நிரப்புக் கலவையை ஊற்றுவது நல்லது. இடிக்கத் தேவையில்லை, எல்லா மூலைக்கும் தானே போய்விடும். ஆனால் கெட்டியாகிவிடக் கூடாது. பின்னாளில் பழுதுபார்க்கத் தோண்ட வேண்டியிருக்கும், அதனால் வலிமை சுமார் 2 மெகாபாஸ்கலுக்குள் இருப்பது உத்தமம். வழக்கமான கான்கிரீட்டின் வலிமை இதைப்போல் பத்து மடங்கு இருக்கும். ஊற்றும்போது காலிக் குழாய்கள் மிதந்து மேலே வந்துவிடும் என்பதால் அவற்றைக் கட்டி வைக்கவோ, கலவையைப் பகுதி பகுதியாக ஊற்றவோ வேண்டும்.

அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு அகலம் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு அடுக்கின் கனம் என்ன, எத்தனை மீட்டருக்கு ஒரு அடர்த்திச் சோதனை, பின்னால் அமுங்கினால் யார் பொறுப்பு, எவ்வளவு காலம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், தற்காலிகமாக மூடியதை ஆறு மாதத்துக்குள் நிரந்தரமாகச் செய்து முடிக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு ஆண்டு உத்தரவாதம், குழாய்க்கோ கேபிளுக்கோ மேலே மூடும் ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் மூன்று ஆண்டு. ஆழமான பள்ளம் மெதுவாக இறங்கும் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய விதி அது.

அடர்த்திச் சோதனை என்றதும் மிரள வேண்டாம். இறுக்கிய மண்ணில் சின்னக் குழி தோண்டி, வந்த மண்ணை எடை போடுவார்கள். பிறகு அடர்த்தி தெரிந்த மணலால் அந்தக் குழியை நிரப்பி, அதன் கன அளவைக் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் நின்று பார்க்கலாம், கேட்டால் கணக்கையும் காட்டுவார்கள். ஒரு எச்சரிக்கை: பள்ளத்தின் விளிம்பில் நிற்காதீர்கள், குழந்தைகளை விடவே விடாதீர்கள். தாங்குபலகை இல்லாத ஆழமான பள்ளம் சொல்லாமல் சரியும்.

இப்போது அமுங்கிக் கிடக்கும் பட்டைக்கு வருவோம். நீளம் முழுக்க ஒரே சீராக இறங்கியிருந்தால் அது இறுக்காத மண்தான். ஊற்றிய தாரையெல்லாம் எடுத்துவிட்டு, கெட்டி மண் வரும் வரை தோண்டி, அடுக்கடுக்காக நிரப்பச் சொல்லுங்கள். ஆனால் ஓரிடத்தில் மட்டும் கிண்ணம் போலக் குழிந்திருந்தாலோ, மழை இல்லாத நாளிலும் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டாலோ விஷயம் வேறு. குழாய் கசியலாம், அல்லது உடைந்த சாக்கடைக்குள் மண் கரைந்து போய்க்கொண்டிருக்கலாம். மேலே தார் கூரை போல நிற்க, அடியில் பொந்து பெரிதாகிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை அன்றே தடுப்பு வைத்து மறித்து, கசிவுச் சோதனை செய்யாமல் யாரையும் மூட விடாதீர்கள்.

இது எதுவென்று தெரிய ஒரு எளிய வழி: பட்டையின் குறுக்கே, இரு பக்கமும் நல்ல சாலையைத் தொடும்படி ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுநாடாவால் பாருங்கள். பத்தடிக்கு ஒன்றாகச் சாலையில் பெயின்டால் குறி போட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். வாரம் ஒரு தடவை நாலைந்து வாரம் அளந்தால் போதும். கேபிள் ஆட்கள் கடப்பாரையோடு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அவர்கள் தோண்டிய பிறகு, எந்த அமுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.