சாலிட் புஷ் போட்ட வண்டி ஏன் குத்துது? – கேள்வி பதில்

சஸ்பென்ஷன் ஆர்ம் வண்டியோட சேர்ற இடத்துல இருக்கிற வளையம்தான் புஷ். அந்த ரப்பர் புஷ்ஷைக் கழட்டிட்டு அலுமினியம், நைலான், பாலியூரித்தேன்னு கெட்டியா (சாலிட்) மாத்தினவங்க அனுப்பின கேள்விகள் இவை. பேர் வேண்டாம், ஊர் போதும்னு சொல்லியிருந்தேன்.

மன்னார்குடி: அண்ணே, என் ஹேட்ச்பேக்ல முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற லோயர் ஆர்முக்கு ரெண்டு புஷ்ஷும் அலுமினியத்துல கடைஞ்சு போட்டேன். ஸ்டியரிங் திருப்பின உடனே வண்டி திரும்புது, அது பிரமாதம். ஆனா நீடாமங்கலம் போய்ச் சேர்றதுக்குள்ள பல்லு ஆடுது. ஸ்பிரிங்கை சாஃப்டா மாத்திடவா?

மாத்தாதீங்க தம்பி, காசு தண்டம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கவனிக்கிறது பாடி மேலயும் கீழயும் போற ஆட்டத்தை. அது செகண்டுக்கு ஒண்ணு, ரெண்டு தடவைதான். உங்க பல்லை ஆட்டுறது செகண்டுக்கு 20, 30 தடவைக்கு மேல வர்ற அதிர்வு. அதை வழியிலேயே வடிகட்டுறது டயரும் புஷ்ல இருக்கிற ரப்பரும். ஸ்பிரிங்கை இளக்கினா வண்டி தளும்பவும் செய்யும், குத்தவும் செய்யும்.

சக்கரம் ஒரு விளிம்புல மோதும்போது மேல மட்டும் எழும்பினா போதாது, சில மில்லிமீட்டர் பின்னாலயும் நகரணும். எல் வடிவ ஆர்ம்ல பெரும்பாலும் அந்த இடத்தைக் கொடுக்கிறது பின் புஷ்தான். பழைய புஷ் கிடந்தா எடுத்துப் பாருங்க, பல வண்டிகள்ல ரப்பருக்கு நடுவுல பிறை மாதிரி இடைவெளி விட்டிருப்பாங்க. சிக்கனத்துக்காக விட்டதில்லை அது. நீங்க அங்க அலுமினியத்தை அடைச்சதும் மோதின இடி ஆர்மைத் தாங்குற சப்ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நேரா வந்துடுது.

நம்ம டெல்டாவுல இது இன்னும் மோசம். வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம். பாலம் அஸ்திவாரத்துல அசையாம நிக்குது, ரெண்டு பக்கமும் களிமண் மேல கொட்டின கரை அமுங்கிப் போகுது. ஒவ்வொரு பாலத்துலயும் ஏறும்போது ஒரு விளிம்பு காத்திருக்கும். ரேஸ் டிராக்ல இப்படி எங்க இருக்கு?

பின் புஷ்ஷைக் கம்பெனி ரப்பருக்கே திருப்புங்க. முன்னாலயும் அலுமினியம் வேண்டாம். பின்பக்கம் நகரணும்னா முன் புஷ் கொஞ்சம் கோணணும், அலுமினியம் கோணாது. அங்க நடுத்தரமான பாலியூரித்தேன் போடுங்க. ஸ்டியரிங்கோட கூர்மை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

நாகப்பட்டினம்: லேத் பட்டறையில நைலான் புஷ் கடைஞ்சு போட்டோம் சார். கோடையில சரியா இருந்துச்சு. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆர்ம் இறுகிடுச்சு, வண்டி கட்டை வண்டியா குதிக்குது.

நைலான் தண்ணியை உறிஞ்சி ஊதும். வெயில்ல அளவெடுத்து இறுக்கமா கடைஞ்சிருப்பாங்க, மழையில உள்ள இடமே இல்லாமப் போயிருக்கும். பிளாஸ்டிக்தான் வேணும்னா அசிட்டால், கடையில டெல்ரின்னு கேளுங்க. அது தண்ணி இழுக்கிறது ரொம்பக் குறைவு. உங்க ஊர் உப்புக் காத்துக்கு உள்ள இருக்கிற இரும்புக் குழாயான ஸ்லீவும் துருப்பிடிச்சிருக்கலாம், கழட்டும்போதே பார்த்துடுங்க.

கும்பகோணம்: பாலியூரித்தேன் போட்டதுல இருந்து ஸ்பீட் பிரேக்கர்ல கீச் கீச்னு கத்துது. கிரீஸ் வெச்சாங்களே?

என்ன கிரீஸ்? ரப்பர் புஷ் சறுக்குறதே இல்லை. ஸ்லீவோட ஒட்டியிருக்கிற ரப்பர் தானே முறுக்கிக்கும். பாலியூரித்தேன் ஸ்லீவ் மேல சறுக்கணும், அதனால கழுவிப் போகாத சிலிக்கான் கிரீஸ் வேணும். வீல் பேரிங் கிரீஸ் சீக்கிரம் விட்டுடும். அறுவடை நேரத்துல ரோடெல்லாம் வயல் சேறு, அதுவும் உள்ள போகும். சேறு போனா கழட்டித் துடைச்சுத் திரும்பப் பூசுறதைத் தவிர வழியில்லை.

திருவாரூர்: பின்பக்கம் ட்விஸ்ட் பீம், அதாவது ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே முறுக்குச் சட்டம். அதுக்கும் சாலிட் போட்டா மொத்தமா ஸ்டிஃப் ஆகும்ல?

ஆகும், ஆனா போடாதீங்க. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது பீம் முறுக்கும், புஷ்ஷும் தன் அச்சை விட்டுக் கோணும். சாலிட்ல அது நடக்காது. அந்த விசை பிராக்கெட்டுலயும் வெல்டிங்லயும் இறங்கும், ஒரு நாள் விரிசல் விடும். எல்லாப் பக்கமும் திரும்பற ரோஸ் ஜாயின்ட் இருக்கே, அது ரேஸ் வண்டிக்கு. நம்ம புழுதிக்கு உள்ள இருக்கிற பால் சீக்கிரம் தேய்ஞ்சு லொடலொடக்கும்.

தஞ்சாவூர்: அப்ப எங்கதான் ஹார்டா போடலாம்?

வளைவுல வண்டி ரொம்பச் சாயாம ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற கம்பிதான் ஸ்டெபிலைசர் பார், அதோட புஷ்ல. ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி இறங்குற பாலத்துல அந்தப் பார் கிளாம்புக்குள்ள சுத்துமே தவிர எதிர்க்காது. வளைவுல சாய்வு கொஞ்சம் சீக்கிரம் கட்டுப்படும். ஒரு பக்கம் மட்டும் குழியில விழுந்தா லேசா தெரியும், அவ்வளவுதான். அதோட டயர்ல காத்து எவ்வளவுன்னு பாருங்க. கம்பெனி சொன்னதை விட அஞ்சு ஆறு பிஎஸ்ஐ கூட அடிச்சுக்கிட்டு புஷ்ஷைத் திட்டுறவங்க நிறைய பேர்.

மயிலாடுதுறை: நான் ரப்பருக்கே திரும்பிட்டேண்ணே. புதுசு ஆறே மாசத்துல கிழிஞ்சுடுச்சு. டூப்ளிகேட்டா இருக்குமா?

இருக்கலாம். ஆனா முதல்ல இதைக் கேளுங்க: போல்ட்டை எப்ப இறுக்கினாங்க? வண்டி லிஃப்ட்ல, சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே முழு டைட் வெச்சிருந்தா, கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டேதான் நிக்கும். ரப்பர் தாங்குற முறுக்குல பாதி நின்ன இடத்துலயே தீர்ந்துடும், பாலம் ஏறினா கிழியும். போல்ட்டைக் கையால விட்டு, வண்டியைச் சக்கரத்துல இறக்கி, ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டுட்டு இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சால இறுக்கச் சொல்லுங்க. குழி இல்லாத பட்டறைன்னா ராம்ப் மேல ஏத்திக்கலாம். அதுக்கப்புறம் அலைன்மென்ட்.