சூப்பர்வைசர் என்று கார்டில் போட்டுவிட்டால் ஓ.டி. (ஓவர்டைம் கூலி) கிடையாதா?

கேள்வி இதுதான்: திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் தம்பி ஷிஃப்ட் சூப்பர்வைசர். மொத்தச் சம்பளம் 24,000 ரூபாய். தினமும் 12 மணி நேரம் வேலை. ‘சூப்பர்வைசருக்கு ஓ.டி. கிடையாது’ என்கிறார்கள். உண்மையா?

அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. நான் பாளையங்கோட்டைக்காரன், மில் டைம் ஆபீஸில் சம்பளக் கணக்குப் பார்த்தவன். ஒருவருக்குப் பதவிப் பெயரை உயர்த்திக் கொடுக்க முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை, ஓ.டி.க்குத்தான் செலவு.

2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் இரட்டைக் கூலி. தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி கணக்கில் வரமாட்டார். மேற்பார்வை செய்பவர் விஷயம் வேறு: அவருடைய மாதக் கூலி 18,000 ரூபாயைத் தாண்டினால்தான் வெளியே போவார்.

24,000 தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். சட்டம் ‘கூலி’ என்று எடுப்பது பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டி.ஏ. (பஞ்சப்படி) போன்றவற்றைத்தான். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் தனி. ஆனால் அந்தப் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சியது கூலியோடு சேர்ந்துவிடும். தம்பிக்குப் பேசிக்கும் டி.ஏ.வும் 8,000, மற்ற படிகள் 16,000 என்று வையுங்கள். பாதி 12,000, மிஞ்சும் 4,000-ஐச் சேர்த்தால் கூலி 12,000. 18,000-க்குக் கீழேதான், ஆக அவர் தொழிலாளி. பே ஸ்லிப்பைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள்.

இன்னொன்று. அவர் உண்மையில் செய்வது மேற்பார்வைதானா? லீவு கொடுக்க, ஆளை வேறு மெஷினுக்கு மாற்ற அதிகாரம் உண்டா? அவரும் மெஷினில்தான் நிற்கிறார் என்றால் கார்டில் என்ன எழுதியிருந்தாலும் பெரிதில்லை.

டவுன் ரத வீதி ஜவுளிக்கடை வேலையாட்களுக்கும் ஓ.டி. இரட்டைதான், அது 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் சட்டம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் அக்காமார் பாடுதான் பாவம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, மணிக்கணக்கு ஏது?

சரி, இப்போதைக்குத் தம்பியை பஞ்சிங் நேரத்தையும் ஷிஃப்ட் சார்ட்டையும் தினமும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய பாக்கியை 3 வருடத்துக்குள் கேட்கலாம்.