மகனைப் 'பலேர்மோ' என்று கேலி செய்கிறார்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளிகளுக்கு இடையிலான ஃபைனலில் பெனால்டியை மேலே தூக்கி அடித்துவிட்டான், தோற்றுவிட்டார்கள். கூடப் படிக்கும் பையன்கள் அவனை 'பலேர்மோ' என்று கூப்பிடுகிறார்களாம். மூன்று வாரமாக மைதானம் பக்கமே போகவில்லை. யார் அந்தப் பலேர்மோ? நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தப் பையன்களுக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கிறது.

மார்ட்டின் பலேர்மோ, அர்ஜென்டினா கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரர். 1999-இல், தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோபா அமெரிக்காவில் கொலம்பியாவுடன் மோதியபோது, ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டிகளைத் தவறவிட்டார். முதல் பந்து மேல் கம்பத்தில் பட்டது. இரண்டாவது மேலே பறந்தது. மூன்றாவதை கோல்கீப்பர் தடுத்தார். 0-3 தோல்வி. எனக்கு அந்த மூன்றாவது பெனால்டிதான் பெரிதாகப் படுகிறது. இரண்டை விட்ட பிறகும் மறுபடி பந்தை அடிக்க வந்து நின்றாரே!

அதே ஆண்டு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, தன் கிளப்பான போகா ஜூனியர்ஸின் பரம எதிரி ரிவர் பிளேட்டுக்கு எதிராக கோல் அடித்தார். 2000 கடைசியில் டோக்கியோவில், போகா ஜூனியர்ஸுக்காக ஆறே நிமிடத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல். மறு வருடம் ஸ்பெயினில் கோல் அடித்த சந்தோஷத்தில் ரசிகர்களிடம் ஓடினார். கூட்டம் தாங்காமல் சுவர் இடிந்து காலில் விழ, எலும்பு முறிந்தது.

தேசிய அணி அவரைப் பத்து வருடம் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டவர், அப்போது அணியின் பயிற்சியாளராக இருந்த மரடோனா. 2009 அக்டோபர், புவெனஸ் ஐரிஸில் பேய்மழை. உலகக் கோப்பைக்குப் போக வேண்டுமென்றால் பெருவை ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலை. 90-ஆவது நிமிடத்தில் பெரு சமன் செய்துவிட்டது. 90 நிமிடத்துக்குப் பிறகு கூட்டித் தரும் இஞ்சுரி டைமில் பந்து காலருகே வர, பலேர்மோ உள்ளே தட்டிவிட்டார். சட்டையைக் கழற்றிக்கொண்டு அவர் மழையில் நிற்க, மரடோனா ஈரப் புல்லில் நெஞ்சு படச் சறுக்கினார். மறு வருடம் உலகக் கோப்பையில், 36 வயதில், கிரீஸுக்கு எதிராகவும் ஒரு கோல். போகாவுக்காக மொத்தம் 236 கோல்; அந்த கிளப்பில் வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் அவனிடம் ஒப்பிக்க வேண்டாம். அந்த மழை நாள் வீடியோவை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்ற பையன்கள் வருவதற்கு முன்பே அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்களே கோல் கம்பத்தில் நில்லுங்கள். இருபது பந்து அடிக்கட்டும். எத்தனை உள்ளே போனது என்று எண்ண வேண்டாம்.